பழைய கார் கமான் பட்டை எவ்வளவு தாங்கும்? பட்டறையில் சோதிக்கும் முறை

கமான் பட்டை என்பது எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்); அந்த முழு அடுக்குதான் கட்டு. பழைய காரை வாங்கியதும் பின்பக்கம் ஏறி நின்று இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு, "பட்டை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. குலுக்கினால் பட்டை துள்ளுகிறதா என்பது மட்டும்தான் தெரியும். விரிசல் ஓடியிருக்கிறதா, சுமையில் படுத்துவிடுமா, லட்சம் குலுக்கலுக்குத் தாங்குமா என்ற மூன்றும் தெரியாது. அந்த மூன்றுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. மாடல் டி ஃபோர்டு (1908–1927), ஆஸ்டின் 7 (1922–1939) போன்ற ஆரம்பகால வண்டிகளுக்கும், முப்பதுகளின் மாரிஸ், செவர்லே வண்டிகளுக்கும் இந்த முறை பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த அசல் பட்டையை ஒருபோதும் ஆயுள் சோதனை இயந்திரத்தில் ஏற்றக் கூடாது. உலோகச் சோர்வு கூடிக்கொண்டே போகும், குறையாது. இயந்திரத்தில் ஓடிய ஒவ்வொரு சுற்றும் அந்தப் பட்டையின் மிச்ச ஆயுளிலிருந்து கழிந்தது. அசல் பட்டைக்கு விரிசல் பார்ப்பது, தடிமன் அளப்பது, படிவுச் சோதனை (சுமையில் வளைவு நிரந்தரமாக இறங்குகிறதா என்று பார்ப்பது), விறைப்புச் சோதனை (ஒரு மில்லிமீட்டர் இறங்க எவ்வளவு எடை வேண்டும் என்று பார்ப்பது) ஆகியவை போதும். புதிதாக அடித்துச் செய்த பட்டை என்றால், ஒரே எஃகிலிருந்து ஒரே சூட்டில் இரண்டு கட்டு கூடுதலாகச் செய்து, அந்த இரண்டையும் இயந்திரத்துக்குக் கொடுங்கள். வண்டிக்குப் போகும் கட்டின் ஆயுளை அவைதான் சொல்லும்.

கட்டைப் பிரிப்பது

சென்டர் போல்ட்டைத் தொடுவதற்கு முன் போல்ட்டின் இரண்டு பக்கமும் கனமான சி கிளாம்ப் ஒவ்வொன்று போட்டு இறுக்குங்கள். பட்டைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வளைவில் அடிக்கப்பட்டு, போல்ட்டால் வலிந்து சேர்க்கப்பட்டவை. கிளாம்ப் இல்லாமல் நட்டைக் கழற்றினால் கடைசித் திருகில் போல்ட் அறுந்து பட்டை முகத்துக்கு நேரே வரும். கிளிப்புகளை முதலில் கழற்றி, பிறகு நட்டை எடுத்து, கிளாம்ப்புகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒவ்வொரு பட்டையின் முன்பக்க முனையிலும் பெயின்டால் எண் எழுதுங்கள். பஞ்ச் குத்த வேண்டாம். அந்தக் குழியிலிருந்தே விரிசல் கிளம்பும்.

கம்பி பிரஷ், மண்ணெண்ணெய் இரண்டாலும் துடைத்து உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். திருச்செந்தூர், உடன்குடி, தூத்துக்குடிப் பக்கம் ஓடிய வண்டிகளில் பட்டைகளுக்கு நடுவே உப்புக்காற்று செய்த வேலை இப்போது தெரியும்: ஊசி குத்தியது போன்ற குழிகள், பட்டை முனை அழுந்தும் இடத்தில் வரிசையாக இருக்கும். தேரிக்காட்டு மணல் வழியே ஓடிய வண்டி என்றால் கிரீஸும் செம்மணலும் கலந்து அரைத்த பள்ளங்கள் இருக்கும். தென்காசி, குற்றாலம் பக்கத்து வண்டிகளில் சாரல் ஈரம் தங்கி, துரு அடுக்கடுக்காக உப்பிப் பட்டைகளையே பிரித்திருக்கும்.

தடிமனை மைக்ரோமீட்டரால் மூன்று இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால் அரை மில்லிமீட்டர் கூடச் சின்ன விஷயம் அல்ல. 6 மி.மீ. பட்டை தேய்ந்து 5.5 ஆனால் விறைப்பு 23 சதவீதம் குறையும். அதே சுமைக்கு எஃகில் ஏறும் அழுத்தம் 19 சதவீதம் கூடும். ஆங்கிலேயக் கார்களின் பட்டைகள் அங்குல அளவு. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அதற்குப் பதில் கடையில் கிடைக்கும் 6 மி.மீ. பட்டையைப் போட்டால் கட்டு 16 சதவீதம் மெத்தையாகிவிடும். 7/32 அங்குலப் பட்டைக்குப் பதில் அதே 6 மி.மீ. போட்டால் 26 சதவீதம் விறைத்துக்கொள்ளும். "எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்று கடையில் சொன்னாலும் மைக்ரோமீட்டரை நம்புங்கள்.

விரிசல் பார்ப்பது: எண்ணெயும் சுண்ணாம்பும்

விரிசலுக்குள் புகுந்து காட்டும் சாயமான டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் ரயில்வே பட்டறைகள் நெடுங்காலம் நம்பியிருந்த எண்ணெய்–சுண்ணாம்பு முறை போதும். மண்ணெண்ணெய் மூன்று பங்கு, பழைய என்ஜின் ஆயில் ஒரு பங்கு கலந்து பட்டையை ஒரு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பருத்தித் துணியால் ஈரம் ஒட்டாமல் துடைத்து, வெள்ளைச் சாக்குத்தூளை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லியதாகப் பூசுங்கள். தூத்துக்குடிச் சிப்பிச் சுண்ணாம்பை நன்றாகச் சலித்துப் பயன்படுத்தினாலும் சரிதான். காய்ந்தபின் பட்டையை ஒரு தடவை லேசாக வளைத்து விடுங்கள். விரிசலில் புகுந்த எண்ணெய் வெள்ளைப் பூச்சில் முடி போன்ற கருங்கோடாகக் கசியும். அரை மணி நேரம் காத்திருந்து பாருங்கள், உடனே முடிவு சொல்ல வேண்டாம்.

எங்கே தேட வேண்டும் என்பது முக்கியம். சுமை ஏறும்போது பட்டையின் குழிந்த பக்கம் இழுபடுகிறது, குவிந்த பக்கம் நசுங்குகிறது. விரிசல் இழுபடும் பக்கத்தில்தான் பிறக்கும். அதனால் குழிந்த முகத்தை முதலில் பாருங்கள். அந்த முகத்திலும் மூன்று இடங்கள்: சென்டர் போல்ட் ஓட்டையின் இரு விளிம்பு, கமானை வண்டியோடு இறுக்கும் யு போல்ட் முடியும் கோடு, கண் (பட்டை முனையில் சுருட்டிய வளையம்) சுருளத் தொடங்கும் இடம். குவிந்த முகத்தில் கீழ்ப்பட்டையின் முனை அழுந்தித் தேய்த்த இடத்தையும், கிளிப் ரிவெட் ஓட்டையையும் விட வேண்டாம்.

விரிசல் கண்ட பட்டைக்கு வைத்தியம் கிடையாது. வெல்டிங் வைப்பது கொலைக்குச் சமம். வெல்டிங் சூட்டில் பக்கத்து எஃகு ஒரு இடத்தில் கண்ணாடியாகவும் அடுத்த இடத்தில் மெழுகாகவும் மாறி, அதன் எல்லையில் உடையும்.

கடினத்தன்மை

கமான் எஃகு ராக்வெல் சி அளவில் 40 முதல் 47 வரை இருப்பது நல்லது. 35க்குக் கீழே என்றால் சுமையில் படுத்துவிடும். 50ஐத் தாண்டினால் நொறுங்கும் பக்கம் போகிறது. கையில் வைத்து டிஜிட்டலில் காட்டும் துள்ளுவகைக் கருவி 6 மி.மீ. பட்டையில் பொய் சொல்லும், அதற்குக் கனமான இரும்பு வேண்டும். பெஞ்சில் வைக்கும் ராக்வெல் இயந்திரத்தில்தான் பார்க்க வேண்டும். பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆய்வகங்களில் கேட்டுப் பாருங்கள். உலைச் சூட்டில் மேல்தோலின் கார்பன் எரிந்து மென்மையாகியிருக்கும் என்பதால், அளக்கும் இடத்தில் மேற்பரப்பை 0.3 முதல் 0.5 மி.மீ. வரை தண்ணீர் விட்டு அரைத்துவிட்டு அளக்க வேண்டும். அந்த இடம் பட்டையின் கடைசி முனையாக இருக்கட்டும், நடுவில் குழிந்த முகத்தில் அரைக்கக் கூடாது.

சுமை எவ்வளவு என்று கண்டுபிடிப்பது

லாரி எடைமேடை சின்னக் காருக்கு ஆகாது. 10, 20 கிலோ படியில் தாவும் எடைமேடையில் ஆஸ்டின் 7 போன்ற வண்டியின் ஒரு சக்கரச் சுமையைத் தேடுவது வீண். வாழைத்தார் மண்டியிலோ அரிசி ஆலையிலோ இருக்கும் 500 கிலோ பிளாட்ஃபார்ம் தராசை ஒரு சக்கரத்தின் கீழ் வையுங்கள். தராசு எவ்வளவு உயரமோ அதே உயரத்துக்கு மற்ற மூன்று சக்கரத்தின் கீழும் பலகை கொடுங்கள். கொடுக்காவிட்டால் வண்டி சாய்ந்து எடை தப்பும். பிரேக்கை விட்டு, ஆள் உட்கார்ந்து, பெட்ரோல் நிரப்பி அளவெடுங்கள். அதிலிருந்து சக்கரம், டிரம், ஆக்சிலில் பாதி ஆகியவற்றின் எடையைக் கழித்தால் பட்டை தாங்கும் சுமை கிடைக்கும். இதுதான் நிலைச்சுமை.

மாடல் டி ஃபோர்டில் முன்னும் பின்னும் ஒவ்வொரு குறுக்குக் கமான்தான். அதனால் இரண்டு சக்கரத்தின் சுமையையும் கூட்டி அந்த ஒரு கமானுக்குக் கணக்கெடுக்க வேண்டும். ஆஸ்டின் 7 முன்பக்கமும் அப்படியே. அதன் பின்பக்கம் கால் வட்டக் கமான். ஒரு முனை சட்டத்தில் இறுகியிருக்கும், மறுமுனையில் ஆக்சில்.

படிவுச் சோதனை

அசல் பட்டையானாலும் புதுப் பட்டையானாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. 10 டன் எச் பிரேம் பிரஸ்ஸும், 1 டன் எஸ் வகை லோடு செல்லும் வேண்டும். கமானைக் கவிழ்த்து, கண்கள் கீழே இருக்க, நடுவில் அழுத்துங்கள். கண்கள் உட்காரும் இடம் நகர வேண்டும். கண்ணுக்குக் கண் 960 மி.மீ., வளைவு 100 மி.மீ. உள்ள கமான் நேராகும்போது முனைகள் இரண்டும் சேர்ந்து சுமார் 28 மி.மீ. விலகும். முனைகளைப் பூட்டிவிட்டால் அது கமானாக இல்லாமல் பாலமாக வேலை செய்து, விறைப்பைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். ஒவ்வொரு கண்ணிலும் பழைய புஷ் அளவுக்கு ஒரு பின் சொருகி, அதை நான்கு பேரிங் வைத்த சின்ன டிராலியில் உட்கார்த்துங்கள்.

வளைவை அளக்க ஒரு பின்னிலிருந்து மறு பின்னுக்கு மீன் நரம்பை இழுத்துக் கட்டி, சென்டர் போல்ட் பக்கத்தில் நரம்பிலிருந்து மெயின் பட்டை (கண்கள் உள்ள நீளமான பட்டை) வரை ஸ்டீல் ஸ்கேலால் அளங்கள். எப்போதும் ஒரே ஆள், ஒரே பக்கத்திலிருந்து அளக்கட்டும்.

அழுத்த வேண்டிய அளவு: வண்டியில் பம்ப் ரப்பர் (கமான் முழுக்க அழுந்தும்போது முட்டி நிறுத்தும் ரப்பர்) இருந்தால் அது தொடும்வரை. இல்லாவிட்டால் நிலைச்சுமையைப் போல இரண்டு மடங்கு. அந்த அளவுக்கு மெதுவாக அழுத்தி, ஒரு நிமிடம் நிறுத்தி, முழுக்க விட்டுவிட்டு வளைவை அளங்கள். மூன்று முறை செய்யுங்கள். முதல் முறை சில மில்லிமீட்டர் இறங்கும், அது பட்டைகள் ஒன்றோடொன்று உட்கார்வது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே 1 மி.மீ.க்கு மேல் இறங்கினால் எஃகு படிகிறது என்று பொருள். பிறகு நிலைச்சுமையில் 24 மணி நேரம் விட்டு வையுங்கள். 2 மி.மீ.க்கு மேல் இறங்கினால் அந்தக் கட்டு வண்டிக்கு வேண்டாம்.

குளிர்ந்த பட்டையைச் சுத்தியலால் தட்டி "ஏத்திக்" கொடுத்த கமான் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். பார்க்க வளைவு அழகாக இருக்கும், 24 மணி நேரத்தில் வந்த இடத்துக்கே போய்விடும். போதாக்குறைக்கு ஒவ்வொரு சுத்தியல் தழும்பும் விரிசலுக்கு வித்து. வளைவு ஏற்ற வேண்டுமென்றால் முழுசாக உலையில் வைத்து, 60எஸ்ஐ7 என்ற சிலிக்கான் கமான் எஃகுக்கு 830 முதல் 870 டிகிரி வரை சூடேற்றி, அச்சில் வளைத்து, எண்ணெயில் ஆற்றி, மறுபடி 450 டிகிரி அளவில் பதமிட வேண்டும். தெர்மோகப்பிள் இல்லாத உலையில், நிறம் பார்த்துச் செய்யும் வேலையை இந்த எஃகுக்கு ஒப்படைக்காதீர்கள். பழைய பட்டை என்ன எஃகு என்று தெரியாமல் உலையில் வைப்பதும் அதே தவறுதான். மாடல் டி பட்டை வனேடியம் எஃகு, மற்ற பல வண்டிகளில் வெறும் கார்பன் எஃகு. இரண்டுக்கும் பதம் வேறு.

விறைப்பும் உராய்வும்

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். கண்ணுக்குக் கண் 960 மி.மீ., யு போல்ட்டுகளுக்கு நடுவே இறுகிய 60 மி.மீ.யைக் கழித்தால் வேலை செய்யும் நீளம் 900. அகலம் 44, தடிமன் 6, மொத்தம் 7 பட்டை. எஃகின் மீள்மை எண் (யங் மாடுலஸ்) ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 21,000 கிலோ.

விறைப்புக் கணக்கு: 8ஐ மீள்மை எண்ணாலும், பட்டை எண்ணிக்கையாலும், அகலத்தாலும், தடிமனின் மும்மடியாலும் பெருக்கி, நீளத்தின் மும்மடியை 3ஆல் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். இந்தக் கமானுக்கு மில்லிமீட்டருக்கு 5.1 கிலோ வரும். 300 கிலோ சுமைக்குச் சுமார் 59 மி.மீ. இறங்கும்.

பிரஸ்ஸில் 10 மி.மீ. படியாக இறக்கி ஒவ்வொரு படியிலும் லோடு செல் காட்டும் எடையை எழுதுங்கள். பிறகு அதே படிகளில் ஏற்றும்போதும் எழுதுங்கள். இறங்கும்போது எடை கூடுதலாகவும் ஏறும்போது குறைவாகவும் காட்டும். 60 மி.மீ. இறக்கத்தில் போகும்போது 325, வரும்போது 289 என்றால், சராசரி 307 கிலோதான் எஃகின் பலம், 18 கிலோ பட்டை உராய்வு. இந்த அளவு உராய்வு நல்லதுதான், ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் ஷாக் அப்சார்பரின் வேலையைப் பட்டை உராய்வே செய்தது. உராய்வு சராசரியில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் துரு கடிக்கிறது. சராசரி விறைப்பு கணக்கைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் ஏதோ ஒரு பட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது நடுவில் உடைந்தும் கட்டுக்குள் மறைந்திருக்கிறது.

எஃகில் ஏறும் அழுத்தத்தை இறக்கத்திலிருந்தே சொல்லலாம். மீள்மை எண், தடிமன், இறக்கம் மூன்றையும் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கி, நீளத்தின் இருமடியால் வகுங்கள். இந்தக் கமானில் ஒவ்வொரு மில்லிமீட்டர் இறக்கத்துக்கும் சதுர மில்லிமீட்டருக்கு 0.62 கிலோ. கால் வட்டக் கமானுக்கு அந்த 4 வேண்டாம்; நீளத்தைச் சட்டத்து இறுக்கத்திலிருந்து கண்வரை எடுக்க வேண்டும்.

ஆயுள் சோதனை இயந்திரம்

ரயில் அச்சுகள் ஏன் திடீரென்று உடைகின்றன என்று 1850களிலும் 60களிலும் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் ஆராய்ந்தார். எவ்வளவு பெரிய சுமை என்பதைவிட, சுமை எத்தனை தடவை எந்த எல்லைக்குள் ஏறி இறங்குகிறது என்பதே உடைப்பை நிர்ணயிக்கிறது என்று அவர் காட்டியது கமானுக்கும் அப்படியே பொருந்தும். அதனால் இயந்திரத்தில் ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் வைக்க வேண்டும்.

ஒற்றைக் கமானை ஒரு கிராங்க் வைத்து அழுத்தினால், அதன் முழு எதிர்ப்பும் கிராங்க் மேல் விழுந்து மோட்டார் திணறும். இரண்டு கமானை எதிரெதிராக வையுங்கள். 6 அங்குலச் சேனலில் ஒரு செவ்வகச் சட்டம். நடுவில் 40 மி.மீ. தண்டுகள் இரண்டில் மேலும் கீழும் நகரும் ஒரு கனத்த பிளாக். ஒரு கமானின் நடுவைப் பிளாக்கின் மேலும், இன்னொன்றின் நடுவைக் கீழும் யு போல்ட்டால் இறுக்குங்கள். கண்கள் சட்டத்தின் மேல், கீழ்ச் சேனல்களில் ஷேக்கிள் (கண் நகர இடம் தரும் ஆடும் இணைப்பு) வழியாக மாட்டட்டும். பிளாக் நடுவில் நிற்கும்போது இரண்டு கமானும் 60 மி.மீ. இறங்கியிருக்குமாறு சேனல்களின் இடைவெளியை அமையுங்கள். இப்போது ஒன்று அழுந்தும்போது மற்றது தள்ளிக் கொடுக்கும். நம் உதாரணக் கமானுக்கு ஒரு குதிரைச்சக்தி மோட்டார் போதும்.

கிராங்க் ஆரம் 25 மி.மீ. கொடுத்தால் ஒவ்வொரு கமானும் 35 முதல் 85 மி.மீ. வரை ஆடும்; அழுத்தம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 22 கிலோவிலிருந்து 53 கிலோ வரை ஏறி இறங்கும். கியர் பாக்ஸ் வைத்து நிமிடத்துக்கு 120 சுற்றாகக் குறையுங்கள். அந்த வேகத்தில் ஒரு லட்சம் சுற்று முடியச் சுமார் 14 மணி நேரம் ஆகும். எண்ணுவதற்கு ஒரு பிராக்ஸிமிட்டி சென்சாரும் கவுன்ட்டரும் வையுங்கள். பட்டை உடைந்தால் மோட்டார் நிற்க, பிளாக்கின் பாதைக்கு வெளியே ஒரு லிமிட் சுவிட்ச் அவசியம்.

கமானைச் சுற்றி 5 மி.மீ. கம்பி வலையில் கூண்டு அடியுங்கள். 85 மி.மீ. இறங்கி நிற்கும் அந்த ஒரு கமானுக்குள் அடைபட்ட சக்தி, 18 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கண்களின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, சிறு பிள்ளைகளைப் பட்டறைக்குள்ளேயே விடக் கூடாது.

முதல் ஆயிரம் சுற்றில் நிறுத்தி யு போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். இதை விட்டுவிட்டுச் செய்த சோதனைக்கு மதிப்பில்லை. யு போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை அதற்கு நடுவிலுள்ள எஃகு வளையாது. சென்டர் போல்ட் ஓட்டைக்கு வேலை வராது. தளர்ந்துவிட்டால் கட்டின் முழு வளைவும் அந்த ஓட்டையில் போய் நிற்கும், பட்டை அங்கேயே முறியும். ஒவ்வொரு பத்தாயிரம் சுற்றிலும் நிறுத்தி வளைவை அளந்து, பட்டையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உராய்வு அதிகம்; கிராஃபைட் தடவி, வேகத்தைக் குறையுங்கள்.

ஒரு லட்சம் சுற்றை விரிசல் இல்லாமல், வளைவு 3 மி.மீ.க்கு மேல் இறங்காமல் கடந்தால் அந்தத் தயாரிப்பை வண்டிக்குப் போடலாம். இரண்டில் ஒன்று மட்டும் கடந்தால் போதாது. எஃகு ஒன்று, சூடு ஒன்று, ஆனாலும் ஆயுள் மாறுகிறது என்றால் உலையில் பதம் சீராக இல்லை.

உடைந்ததைப் படிப்பது

உடைந்த முகத்தைத் துடைக்காமல், இரண்டு துண்டையும் ஒட்டிப் பார்க்காமல், அப்படியே வெளிச்சத்தில் பிடியுங்கள். வழுவழுப்பான ஒரு பகுதியும் சொரசொரப்பான ஒரு பகுதியும் இருக்கும். வழுவழுப்பில் சிப்பி ஓட்டின் மேல் இருப்பது போன்ற வளைகோடுகள் ஒரு புள்ளியைச் சுற்றி விரியும். விரிசல் பிறந்த இடம் அந்தப் புள்ளி. அது துருக்குழியில் இருந்தால் குறை மேற்பரப்பில்; ஓட்டை விளிம்பில் இருந்தால் யு போல்ட்டில்; கீழ்ப்பட்டை முனை தேய்த்த தடத்தில் இருந்தால் அந்த முனையைச் சரிவாக அரைத்து உருட்டவில்லை. கோடுகளே இல்லாமல் முகம் முழுக்கப் படிகம் போல மின்னினால் எஃகு அளவுக்கு மீறிக் கடினம். விளிம்பில் கருப்பு உலைச்செதில் படிந்த பகுதி தெரிந்தால், எண்ணெயில் ஆற்றும்போதோ அதற்கு முன்போ கீறல் விழுந்துவிட்டது. இயந்திரம் அதைக் காட்டிக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வண்டியில் மாட்டியபின்

பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் மெல்லியதாகத் தடவிக் கட்டுங்கள். கடற்கரை, தேரிப் பக்கம் ஓடும் வண்டிக்கு ஈரக் கிரீஸ் மணலை இழுக்கும். அங்கே உலர் கிராஃபைட்டும், கமானைச் சுற்றித் தோல் உறையும்தான் சரி. சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். 100 கிலோமீட்டரில் யு போல்ட்டை இறுக்கிவிட்டு மறுபடி அளங்கள், 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை. ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 5 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால், அந்தக் கட்டைக் கழற்றி எண்ணெய்–சுண்ணாம்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.